கையில் எத்தனை ரூபா? இலங்கை மத்திய வங்கிக்கு ஒரு திறந்த மடல்

ஆளுநர் அவர்களுக்கு,
இலங்கை மத்திய வங்கி, ஜனாதிபதி மாவத்தை, கொழும்பு 01.

ஐயா,

என் அலுமாரிக்குள் ஒரு பால்மா ரின் இருக்கிறது. அதற்குள் 94 ரசீதுகள். 2014 மார்ச்சிலிருந்து 2023 ஆகஸ்ட் வரை டோஹாவில் ஒரு வீட்டில் சமைத்து, கூட்டித் துடைத்து, பிள்ளை பார்த்த காலத்தில் ஊருக்குக் காசு அனுப்பிய ரசீதுகள். அந்த வழுவழுப்பான தாளில் எழுத்து நிற்பதில்லை. பாதிக்கு மேல் வெறுந்தாளாகிவிட்டன. ஆனால் ஒவ்வொன்றின் பின்பக்கத்திலும், அம்மா ரெலிபோனில் சொன்ன கணக்கைப் பேனையால் எழுதியிருக்கிறேன். இன்ன திகதி, கையில் கிடைத்தது இவ்வளவு. அந்த எழுத்து மட்டும் அப்படியே இருக்கிறது.

தங்கச்சியின் மகள் அடுத்த மாதம் குவைத்துக்குப் போகிறாள். போன கிழமை வந்து, "பெரியம்மா, எதுக்குள்ளால காசு அனுப்பினா மலிவு?" என்று கேட்டாள். ஒன்பது வருடத்துக்கு மேல் மாதாமாதம் காசு அனுப்பியவள் நான். அவளுக்கு ஒரு வரியில் பதில் சொல்ல என்னால் முடியவில்லை. ரின்னைத் திறந்து ரசீதுகளைப் பாயில் பரப்பி வைத்து அன்று இரவு முழுக்கப் பார்த்தேன். பார்த்ததை உங்களிடம் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

போன புதிதில், காசு அனுப்ப நான் கடைக்குப் போனதே இல்லை. வெளியே விடமாட்டார்கள். வீட்டுச் சாரதி ஓட்டமாவடியைச் சேர்ந்த ஒரு நானா. சம்பளம் கிடைத்த வெள்ளிக்கிழமை அவரிடம் காசைக் கொடுப்பேன். அவர் வரிசையில் நின்று அனுப்பிவிட்டு ரசீதைக் கொண்டுவந்து தருவார். ரசீதில் கட்டணம் என்று ஒரு தொகை இருக்கும், 15 ரியாலோ 20 ரியாலோ. காசு அனுப்பும் செலவு அவ்வளவுதான் என்று இரண்டு வருடம் நம்பிக்கொண்டிருந்தேன்.

அது அவ்வளவு இல்லை என்று காட்டித்தந்தவரும் அந்த நானாதான். ஒருநாள் சிகரெட் பெட்டியின் அட்டையைக் கிழித்து அதில் எழுதினார். கட்டார் ரியாலை 3.64க்கு ஒரு டொலர் என்று சட்டம் போட்டுக் கட்டி வைத்திருக்கிறார்கள், 2001இலிருந்து அது அசையவில்லை. ஆகவே இலங்கையில் டொலர் என்ன விலை என்று தெரிந்தால், அதை 3.64ஆல் பிரி, ரியாலின் உண்மையான விலை வந்துவிடும். கடைக்காரன் தரும் விலைக்கும் அதற்கும் உள்ள வித்தியாசம் அவன் கட்டணம் என்று எழுதாமல் எடுக்கும் காசு. நானா எட்டாம் வகுப்புவரை படித்தவர். எனக்குக் கணக்குச் சொல்லித் தந்த ஆசிரியர்களில் அவர்தான் பெரியவர்.

இன்றைக்கு ஒத்துவரும்படி ஒரு உதாரணம் போடுகிறேன். டொலர் 300 ரூபா என்று வைத்துக்கொள்ளுங்கள். ரியால் 82 ரூபா 42 சதம். என் கையில் 1,000 ரியால். ஒன்றும் கழியாமல் வந்தால் வீட்டுக்கு 82,417 ரூபா. ஒரு கடையில் 15 ரியால் கட்டணம், ரியாலுக்கு 81.20 தருகிறார்கள். மிச்சம் 985 ரியால், வீட்டுக்கு 79,982 ரூபா. 2,435 ரூபா வழியில் போய்விட்டது. அதில் 1,236 ரூபா கட்டணமாக ரசீதில் இருக்கிறது. மற்ற 1,199 ரூபா எந்தத் தாளிலும் இல்லை.

பக்கத்துக் கடையில் "கட்டணம் இல்லை" என்று பெரிதாக எழுதி ஒட்டியிருப்பார்கள். அங்கே ரியாலுக்கு 80.60. ஆயிரம் ரியாலுக்கு 80,600 ரூபா. முதல் கடையைவிட 618 ரூபா கூட. சரி, அதுதான் மலிவு என்று முடிவு கட்டலாமா? முடியாது. மூன்று மாதச் சம்பளத்தைச் சேர்த்து 3,000 ரியாலாக அனுப்பினால் கட்டணம் வாங்கும் முதல் கடையில் 2,42,382 ரூபா, கட்டணம் இல்லாத கடையில் 2,41,800. இப்போது முதல் கடைதான் மலிவு! தொகை மாறினால் பதிலும் மாறுகிறது. கடை மாறாமலே, கிழமை மாறினாலும் மாறும்.

இதை யார் நின்று கணக்குப் பார்ப்பது? வெள்ளிக்கிழமை பின்னேரம், தொழிற்பேட்டைப் பகுதியான சனையாப் பக்கத்துக் கடைகளில் வரிசை வீதிவரைக்கும் நிற்கும். இரண்டு மணித்தியாலத்துக்குள் மெடம் வீட்டுக்கு வரச் சொல்லியிருப்பார். கண்ணாடிக்கு அப்பால் இருப்பவர் நேபாள மொழி பேசுவார், ஹிந்தி பேசுவார், எங்களோடு அரைகுறை அரபியில் பேசுவார். அந்த இடத்தில் எந்தப் பிள்ளை 3.64ஆல் பிரித்துப் பார்க்கும்?

குவைத்துக்குப் போகிற எங்கள் பிள்ளைக்கு நானாவின் கணக்கும் உதவாது. சவூதி ரியால் 3.75, எமிரேட்ஸ் திர்ஹாம் 3.6725 என்று டொலரோடு கட்டப்பட்டவை, அவற்றுக்கு இது சரிவரும். குவைத் டினாரை 2007இல் டொலரிலிருந்து அவிழ்த்துப் பல நாணயங்கள் சேர்ந்த ஒரு கூடையோடு கட்டினார்கள். அந்தக் கூடைக்குள் எது எவ்வளவு என்று வெளியே சொல்வதில்லை. ஆகவே அவளிடம் ஒரு சிகரெட் அட்டையைக் கொடுத்து அனுப்பவும் என்னால் முடியாது.

இனி உண்டியலைப் பற்றிச் சொல்ல வேண்டும், வங்கிக்கு வெளியே சட்டத்துக்குப் புறம்பாக ஆட்கள் மூலம் காசு அனுப்பும் வழி. நான் மறைக்கப் போவதில்லை. 2021 ஒக்டோபரிலிருந்து 2022 ஜனவரி வரை நான்கு மாதம் உண்டியலில்தான் அனுப்பினேன். அந்த நான்குக்கும் ரின்னுக்குள் ரசீது இல்லை.

அம்மாவுக்குச் சீனி வருத்தம். காலில் புண் வைத்து, விரல் எடுத்தார்கள். ஊரில் பால்மாவுக்கு வரிசை, சமையல் எரிவாயுவுக்கு வரிசை. மருந்தைத் தனியார் பார்மசியில் கேட்கிற விலைக்கு வாங்க வேண்டியிருந்தது. வங்கியில் டொலர் 200க்கும் 203க்கும் இடையில் நின்றது. வெளியே 240 என்றார்கள். என் 1,000 ரியாலுக்கு வங்கி வழியாக ஏறக்குறைய 55,770 ரூபா. வங்கி வழியாக அனுப்புகிறவர்களுக்கு டொலருக்கு 2 ரூபா ஊக்கத்தொகை இருந்தது. டிசம்பரில் இன்னும் 8 ரூபா சேர்த்து 10 ஆனது. அதையும் கூட்டினால் 58,500 ரூபா. உண்டியலில் 65,900 ரூபா. வித்தியாசம் 7,400 ரூபா, அம்மாவின் ஒரு மாத மருந்து. நான் பிழை செய்கிறேன் என்று தெரிந்தேதான் செய்தேன்.

அந்த ரூபா எங்கிருந்து வந்தது என்று அப்போது யோசிக்கவில்லை. பிறகுதான் விளங்கியது. என் ரியால் இலங்கைக்கு வரவே இல்லை. அது வளைகுடாவிலேயே நின்று, டொலர் கிடைக்காமல் தவித்த ஏதோ ஒரு வியாபாரியின் சாமானுக்குக் கொடுபட்டது. அந்த வியாபாரி இங்கே எடுத்துவைத்த ரூபாவைத்தான் ஒரு பொடியன் மோட்டார் சைக்கிளில் கொண்டுவந்து அம்மாவின் கையில் கொடுத்தான். நாட்டுக்கு ஒரு டொலரும் வரவில்லை. உங்கள் வங்கியின் புள்ளிவிவரத்திலேயே அது தெரிகிறது. வெளிநாட்டுத் தொழிலாளர் 2020இல் அனுப்பியது 7.1 பில்லியன் டொலர், 2021இல் 5.5 பில்லியன், 2022இல் 3.8 பில்லியன். 2022 ஏப்ரலில் நாடு கடனைத் திருப்பிக் கட்ட முடியாது என்று அறிவித்தது. டீசலுக்கும் மருந்துக்கும் கப்பல் வந்து காசுக்காகக் காத்து நின்ற நாட்களில், அந்த நான்கு மாத ஆயிரத்துச் சொச்சம் டொலர் என் மனதை உறுத்தியது. இன்றும் உறுத்துகிறது.

உண்டியலின் மற்றப் பக்கத்தையும் பார்த்தேன். அடுத்த தெருவில் வேலை செய்த அக்கரைப்பற்றுப் பிள்ளை ஒன்று ஆறு மாதச் சம்பளத்தைச் சேர்த்து உண்டியலில் கொடுத்தது. வாங்கியவனின் போன் அடுத்த நாளே நின்றுபோனது. ரசீது இல்லை, முறைப்பாடு செய்ய இடம் இல்லை. சொன்னால் அவளே குற்றவாளி. அம்மாவின் கையில் கொடுபட்ட நோட்டுகள் போதைப்பொருள் விற்றவனுடையதாக இருந்திருந்தால் என்று நினைத்தால் எனக்கு இப்போதும் நெஞ்சு படபடக்கும்.

2022 மார்ச் 7க்குப் பிறகு ரூபாவை இறங்க விட்டீர்கள். மே மாதத்தில் டொலர் 360. வங்கிக்கும் வெளிக்கும் இருந்த இடைவெளி சுருங்கியது. நானும் வங்கி வழிக்கே திரும்பி வந்தேன். 2023இல் 5.97 பில்லியன், 2024இல் 6.58 பில்லியன் என்று வரவு ஏறியது. விலை சரியாக இருந்தால் எங்கள் ஆட்கள் வங்கிக்கு வருவார்கள் என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா?

ஆனால் ஐயா, எல்லாரும் திரும்பவில்லை. விலையில் பெரிய வித்தியாசம் இல்லாத நாட்களிலும் உண்டியலில் அனுப்புகிறவர்களை எனக்குத் தெரியும். ஏன் என்று கேட்டுப் பார்த்திருக்கிறேன். எல்லாரும் ஒரே விதமாகத்தான் சொல்வார்கள். உண்டியல்காரரிடம் கேட்டால் அவர் ஒரு கணக்கு மட்டும் சொல்வார்: "ஆயிரம் ரியாலா? எண்பதாயிரத்து எண்ணூறு. பின்னேரம் அம்மாட கையில இருக்கும்." கட்டணம், நாணய மாற்று வீதம், நடுவில் நிற்கும் வங்கி, எதுவும் இல்லை. சொன்ன தொகை அப்படியே வந்து சேரும். வங்கியிலோ அனுப்பும் இடத்தில் ஒரு கழிவு, வீதத்தில் ஒரு கழிவு. சில வேளைகளில் ஊர் வங்கியிலும் ஒரு கழிவு. என் ரசீதுகளில் பதினொன்றில், முன்பக்கத்தில் அச்சான ரூபாவைவிட அம்மாவின் கணக்கில் விழுந்தது குறைவு. ஏன் என்று கேட்க அம்மா இரண்டு தடவை பஸ் ஏறிப் போனார். "அது அங்க பிடிச்சிருப்பாங்க" என்றார்கள். அங்கே கேட்டால், "இல்லை, உங்கட நாட்டில பிடிச்சது" என்றார்கள்.

இதற்காகத்தான் இந்த மடல். உரிமம் பெற்ற எல்லா வழிகளும் உண்டியல்காரரைப் போலவே ஒரே ஒரு எண்ணைச் சொல்ல வேண்டும்: இன்று 1,000 ரியால் கொடுத்தால், எல்லாம் கழிந்து, வீட்டில் இருப்பவரின் கையில் எத்தனை ரூபா. அந்த எண்ணைக் கடைக்குக் கடை, வங்கிக்கு வங்கி வாங்கி, ஒரே பட்டியலாக நீங்கள் நாள்தோறும் காலையில் வெளியிட வேண்டும். தமிழிலும் சிங்களத்திலும். கட்டார், குவைத், சவூதி, எமிரேட்ஸ் என்று நாட்டுக்கு நாடு. 500க்கு எவ்வளவு, 1,000க்கு எவ்வளவு, 3,000க்கு எவ்வளவு. குவைத் என்றால் டினாரில் அதற்கேற்ற தொகைகள். சிறிய தொகைக்குத்தான் கட்டணம் அதிகமாக நோகும், ஆகவே 500ஐ விட்டுவிடாதீர்கள். நான் மேலே போட்ட அதே கடையில் 1,000 ரியால் அனுப்பினால் நூற்றுக்கு 3 ரூபா போகிறது, 500 அனுப்பினால் நூற்றுக்கு 4 ரூபா 40 சதம் போகிறது. 2030க்குள் இந்தச் செலவு நூற்றுக்கு 3க்குக் கீழே வர வேண்டும் என்பது ஐக்கிய நாடுகள் சபை வைத்த இலக்கு. இலங்கையும் அதை ஏற்றுக்கொண்ட நாடு. குறைந்த சம்பளக்காரி அனுப்பும் குறைந்த தொகையில்தான் அந்த இலக்கை அளந்து பார்க்க வேண்டும்.

நடக்காத காரியத்தை நான் கேட்கவில்லை. அமெரிக்காவிலிருந்து காசு அனுப்பும் மெக்சிகோக்காரர்களுக்காக அந்த நாட்டு நுகர்வோர் பாதுகாப்பு அலுவலகமான புரோஃபெகோ, எந்த நிறுவனத்தில் அனுப்பினால் குடும்பத்துக்கு எத்தனை பெசோ கிடைக்கும் என்று ஒப்பிட்டு வெளியிடுகிறது. சமோவா, தொங்கா, பிஜி போன்ற தீவுகளின் தொழிலாளருக்காக அவுஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் அரசுக் காசில் "சென்ட் மனி பசிபிக்" என்ற ஒப்பீட்டுத் தளத்தை நடத்துகின்றன. தொங்காவின் சனத்தொகை எங்கள் மட்டக்களப்பு மாவட்டத்தின் சனத்தொகையைவிடக் குறைவு. அந்த ஆட்களுக்குக் கிடைப்பது எங்களுக்கும் கிடைக்கலாம்தானே.

டோஹாக் கடைக்காரன் மீது உங்களுக்கு அதிகாரம் இல்லை என்று சொல்லலாம். உண்மை. ஆனால் அந்தக் கடைக்காரன் இங்குள்ள ஒரு வங்கியோடு உடன்படிக்கை செய்துதான் ரூபா அனுப்புகிறான். அந்த வங்கிக்கு உரிமம் கொடுப்பது நீங்கள். தன் பங்காளி இன்று எந்த வீதத்துக்கு அனுப்புகிறான் என்பது அந்த வங்கிக்குத் தெரியும். கேட்டால் சொல்ல வேண்டிய இடத்தில் அது இருக்கிறது.

காசு கணக்கில் விழும்போது வரும் குறுஞ்செய்தியும் சும்மா "கிரெடிட்" என்று ஆங்கிலத்தில் வரக்கூடாது. அனுப்பியது இத்தனை ரியால், வீதம் இது, இங்கே கழித்தது இவ்வளவு, அங்கே கழித்தது இவ்வளவு என்று தமிழில் நான்கு வரி. அந்த நான்கு வரி இருந்திருந்தால் என் அம்மா நோகும் காலோடு பஸ் ஏறியிருக்க மாட்டார்.

வெளிநாடு போகுமுன் பெண்களுக்குக் கொடுக்கும் பயிற்சியில் வாஷிங் மெசின், மைக்ரோவேவ், அரபுச் சொற்கள் எல்லாம் பழக்குகிறார்கள். வேண்டியவைதான். அதே வகுப்பில் ஒரு மணித்தியாலம் காசு அனுப்பும் கணக்குக்கும் ஒதுக்கச் சொல்லி வேலைவாய்ப்புப் பணியகத்திடம் நீங்கள் கேட்க வேண்டும். அந்த வகுப்பை நடத்த, திரும்பி வந்த எங்களைப் போன்றவர்களைக் கூப்பிட்டால் சம்பளம் வாங்காமலே வருவோம்.

தொழில்நுட்பத்தைப் பற்றி எனக்கு அதிகம் தெரியாது, ஆனால் கண்ணால் காண்பதைச் சொல்கிறேன். 2024 பெப்ரவரியிலிருந்து இந்தியச் சுற்றுலாப் பயணி இங்கே கடையில் உள்ள கியூஆர் அட்டையைப் போனில் படம் பிடித்து, யூபிஐ என்ற தன் நாட்டுப் போன் வழி முறையால் காசு கொடுக்கிறார். அதே மாதிரிச் சிங்கப்பூர் முறையான பேநவ்வும் இந்தியாவின் யூபிஐயும் 2023 பெப்ரவரியில் இணைந்துவிட்டன, அங்கு வேலை செய்யும் தமிழ்நாட்டுப் பொடியன் போனிலேயே ஊருக்கு அனுப்புகிறான். எங்கள் பக்கம் வங்கிக்கு வங்கி நொடியில் காசு மாற்றும் வசதி 2015இலிருந்து இருக்கிறது. கட்டார் மத்திய வங்கியும் 2024இல் ஃபவ்ரான் என்று அதே மாதிரி ஒன்றைத் தொடங்கியிருக்கிறது. இரண்டு கரையிலும் தூண் இருக்கிறது, நடுவில் பாலம் போட வேண்டியதுதான் பாக்கி. அந்தப் பேச்சை இரண்டு மத்திய வங்கிகளும் தொடங்க வேண்டும். அதோடு, அடையாள அட்டையை எசமானி வாங்கி வைத்திருப்பதால் வங்கிக் கணக்கே திறக்க முடியாத பெண்களையும் அந்தப் பேச்சில் சேர்த்துக்கொள்ளுங்கள். போனில் வரும் வசதி எல்லாம் அவர்களுக்கு எட்டாது.

நெருக்கடி நேரத்தில் வங்கி வழியாகக் காசு அனுப்பியவர்களுக்கு மின்சார வாகனம் இறக்குமதி செய்ய அனுமதி கொடுத்தார்கள். பொறியியலாளருக்கும் மேற்பார்வையாளருக்கும் அது பயன்பட்டிருக்கும். கட்டாரில் 2021 மார்ச்சிலிருந்து குறைந்தபட்ச அடிப்படைச் சம்பளம் 1,000 ரியால். வீட்டு வேலை செய்பவர்களில் மிகப் பலர் அந்த அளவில்தான் வாங்குகிறார்கள். அவர்களுக்கு வாகனம் வேண்டாம். வழியில் போகிற 2,400 ரூபாவில் பாதி மிஞ்சினால் அது ஒரு பிள்ளையின் ரியூசன் காசு.

தங்கச்சியின் மகளுக்கு நான் கடைசியில் சொன்னது இதுதான்: "கடையில நிண்டு வீதத்தக் கேக்காத, கட்டணத்தக் கேக்காத. 'இந்தக் காச தந்தா அம்மாக்கு எத்தின ரூபா?' எண்டு மட்டும் கேள். குறைஞ்சது மூண்டு இடத்தில கேள். கூட எங்க சொல்றாங்களோ அங்க கொடு. ரசீத வட்ஸ்அப்பில உடன படம் எடுத்து அனுப்பு, எழுத்து அழிஞ்சு போகும்." அவள் தலையாட்டினாள். ஆனால் மூன்று இடத்துக்குப் போய்க் கேட்க அவளுக்கு எந்த வெள்ளிக்கிழமை கிடைக்கப் போகிறது என்று எனக்குத் தெரியவில்லை. அந்த மூன்று இடத்தையும் அவளுக்காகப் போனில் கொண்டுவந்து காட்டக்கூடியவர் நீங்கள்.

ரசீதுகளில் வாசிக்கக்கூடியவற்றை ஒரு கொப்பியில் திகதிவாரியாக எழுதி வைத்திருக்கிறேன்: கொடுத்த ரியால், கட்டணம், வீதம், அம்மாவின் கையில் கிடைத்தது. அன்றைய டொலர் விலையை உங்கள் பதிவுகளில் பார்த்துப் பக்கத்தில் குறித்தால் ஒவ்வொரு மாதமும் வழியில் எவ்வளவு போனது என்று தெரிந்துவிடும். எங்கள் மாதர் சங்கத்தில் இன்னும் ஏழு பேர் தங்கள் ரசீதுகளைத் தருகிறோம் என்கிறார்கள். திருகோணமலையில் இருக்கும் உங்கள் பிராந்திய அலுவலகத்துக்கு ஒரு திகதி சொன்னால், கொப்பியையும் ரின்னையும் நானே கொண்டுவந்து தருகிறேன். காலை முதல் பஸ்ஸில் வந்துவிடுவேன்.

இப்படிக்கு,
கட்டாரில் வீட்டு வேலை செய்து திரும்பியவள்,
மட்டக்களப்பு.